புட்டுக்குடம் கரிந்ததற்கு அந்த அக்காவைக் கரித்துக் கொட்டுவதா?

அந்தப் படம் எந்தக் குரூப்பில் வந்தது, யார் போட்டார், கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்பது இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மேட்சில் முதல் இன்னிங்ஸ் முடிகிற நேரம், ஒரு வீட்டு அடுப்பில் புட்டுக்குடம், அதாவது புட்டுக்குழலுக்கு ஆவி தருகிற தண்ணீர்க் குடம், தண்ணீர் வற்றி அடிகரிந்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து, "பொம்பள கிரிக்கெட் பார்த்தா இப்படித்தான்" என்று எழுதி அனுப்பினார்கள். வரிசையாகச் சிரிப்பு முகங்கள். விடிவதற்குள் அந்த அக்கா குரூப்பை விட்டே போய்விட்டார்.

எனக்கு அடுப்பு சர்வீஸ்தான் தொழில். பர்னர், ஜெட், நாப், டியூப் எல்லாம் கழற்றி மாட்டுகிறவன். கிரிக்கெட்டும் விடாமல் பார்க்கிறவன். இரண்டும் தெரிந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அது அந்த அக்காவின் அலட்சியம் இல்லை. வீடு முழுக்க மேட்ச் பார்க்க, அடுப்பை நினைவில் வைத்திருக்கிற வேலையை மட்டும் ஒருத்தர் தலையில் கட்டினார்களே, தப்பு அங்கே இருக்கிறது.

கொஞ்சம் நேரக் கணக்குப் பார்ப்போம். டி20 ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கினால் முதல் இன்னிங்ஸ் ஒன்பது மணியை ஒட்டி முடியும். அதன் பிறகு இடைவேளை 20 நிமிடம். நம் ஊர் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு அந்த 20 நிமிடத்தில்தான். இடைவேளை விட்டதும் தட்டு வந்தாக வேண்டும், அடுத்த இன்னிங்ஸின் முதல் பந்துக்குள் கை கழுவியாக வேண்டும். அப்படியானால் புட்டு எப்போது வேக வேண்டும்? 16ஆவது ஓவருக்கும் 20ஆவது ஓவருக்கும் நடுவில். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் அதுதான். சாப்பாட்டு நேரத்தைத் தங்கள் வசதிக்கு வைத்தவர்கள் சோபாவில் இருந்தார்கள். அந்த வசதிக்காக அடுப்புக்கும் டிவிக்கும் நடுவில் ஓடியவர் ஒருவர்தான்.

அடுத்து, "இன்னும் நாலு ஓவர்தானே, முடிஞ்சிரும்" என்கிற பேச்சு. எத்தனையோ பாத்திரங்களைக் கரித்த பேச்சு இது. கிரிக்கெட்டில் நாம் நேரத்தைப் பந்தால் எண்ணுகிறோம். அடுப்பு நிமிடத்தால் எண்ணுகிறது. 24 பந்து என்றால் காதுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஒரு ஓவர் சாதாரணமாகவே நாலு நிமிடத்தைத் தாண்டும். கடைசி ஓவர்களில் பந்துக்குப் பந்து ஃபீல்டரை மாற்றுவார்கள், பௌலரும் கேப்டனும் நின்று பேசுவார்கள். அம்பயர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி ரிவ்யூ கேட்க 15 விநாடி தருகிறார்கள்; கேட்டுவிட்டால் நோபாலா என்று பார்த்து, மட்டையில் உரசியதா என்று பார்த்து, பந்து ஸ்டம்புக்குப் போகுமா என்று பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். ஆக நாலு ஓவர் என்பது இருபது நிமிடம், சில நாள் அதற்கும் மேலே.

இப்போது குடத்துக்கு வாருங்கள். வீட்டுப் புட்டுக்குடத்தில் அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான் ஊற்றுவோம். கூடுதலாக ஊற்றினால் கொதிக்கிற தண்ணீர் குழலுக்குள் ஏறி, குழலின் அடியில் போடுகிற ஓட்டைச் சில்லைத் தாண்டி, அடிப்புட்டு களியாகிவிடும். அந்த அரை லிட்டர், பெரிய பர்னரில் முழுத் தீயில் இருந்தால், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அடி தெரிய ஆரம்பிக்கும். சிம்மில் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். நாலு ஓவரும் அரை லிட்டரும் ஏறக்குறைய ஒரே அளவு என்பது இதனால் புரியும். இதை யாரும் அந்த அக்காவுக்குச் சொல்லித் தந்ததில்லை, படம் போட்டவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

குமரிக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கால்பந்துதான் உயிர். அந்த ஆட்டத்தில் திரை மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 45 நிமிடம், நடுவில் 15 நிமிடம், மறுபடி 45. அடுப்பு வைத்திருக்கிறவருக்கு அது தோதான ஆட்டம். கிரிக்கெட் அப்படி இல்லை.

சரி, அவர் அடுப்படியிலேயே நின்றிருக்கலாமே என்கிறீர்கள். நின்றாரே! கூப்பிட்டது யார்? "மைனி, ஓடி வாங்க, அவுட்டு!" "எக்கா, ரீப்ளே போடுதான், சட்டுனு வா!" இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதிலும் இப்போது ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் கேபிள், அடுத்த வீட்டில் டிஷ், மூன்றாவது வீட்டில் நெட் வழியாக டிவி. நெட்டில் வருவது அரை நிமிடம் வரைக்கும் பிந்தி வரும். பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டதும் அடுப்படியில் நிற்கிறவர் கரண்டியோடு ஓடி வருவார். இங்கே பௌலர் இன்னும் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார். காத்திருந்து, பந்தைப் பார்த்து, ரீப்ளே பார்த்து, "ச்சே, என்ன ஷாட்டுப்பா" என்று ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாலு நிமிடம். அப்படி நாலு தடவை கூப்பிட்டால் குடத்துத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஆவியாகிவிட்டது. கூப்பிட்ட வாய்தான் பிறகு "கவனம் இல்லாதவ" என்றது. எனக்கு வருத்தம் அதில்தான்.

கவனம் என்பது எவ்வளவு சின்னப் பாத்திரம் என்பதற்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது, அதுவும் விளையாட்டை வைத்துச் செய்தது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்களும் கறுப்புச் சட்டைக்காரர்களும் கூடைப்பந்தைக் கைமாற்றி விளையாடுகிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றினார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒரு ஆள் உள்ளே வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, வெளியே போகிறார். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. கண் முன்னால் வந்த கொரில்லாவையே பந்து மறைத்துவிடும் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற புட்டுக்குடம் எம்மாத்திரம்? அவர்கள் யாரும் மடையர்கள் இல்லை. பந்தைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார்கள்.

மறதி எல்லோருக்கும் வரும். 2023 ஜனவரி 21, ராய்ப்பூர், நியூசிலாந்தோடு ஒருநாள் ஆட்டம். ரோஹித் சர்மா டாஸ் ஜெயித்தார். பேட்டிங்கா பௌலிங்கா என்று கேட்டால் மறந்துவிட்டார்! சில விநாடி யோசித்துக்கொண்டே நின்று, பிறகு பௌலிங் என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நாடே சிரித்தது, அன்போடு சிரித்தது. நியூசிலாந்தை 108 ரன்னில் சுருட்டி, 8 விக்கெட்டில் ஜெயித்தும் விட்டார்கள். இந்திய அணியின் கேப்டன், கோடிக்கணக்கான பேர் பார்க்க, தன் தொழிலின் முதல் கேள்வியையே மறந்தது நமக்குச் செல்லமாகத் தெரிந்தது. ஒரு வீட்டம்மா, யாரும் பார்க்காத அடுப்படியில் ஒரு குடத்தை மறந்தது குடும்பத்துக்கே கேடாகத் தெரிகிறது. இது எந்த ஊர் நியாயம்?

"கேஸ் விஷயம் விளையாட்டா, எதாவது ஆகியிருந்தால்?" என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. முழுசாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது என் தொழில். தண்ணீர் வற்றிய குடத்தால் அடி வளையும், அலுமினியமாக இருந்தால் ஓட்டையும் விழலாம், வீடு முழுக்கக் கரி வாடை வரும். அதைவிட ஆபத்து பால். பால் பொங்கி பர்னர் மேல் வழிந்து தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற கருவி நம் வீடுகளில் இருக்கிற அடுப்புகளில் பெரும்பாலும் கிடையாது. சிலிண்டரில் வருகிற சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு பரவி மூலையில் தங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. நாபை மூடி, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் பண்ண வேண்டும். அதனால் மேட்ச் நடக்கும்போது பால் காய்ச்சவே வேண்டாம், எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம். பப்படம் பொரிப்பதெல்லாம் ஏழரைக்கு முன்னால் முடியட்டும். இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபத்து அவ்வளவு பெரியது என்றால் அதை ஒருத்தர் நினைவை மட்டும் நம்பி விடலாமா? ஆபத்து கூடக் கூட, பார்க்க வேண்டிய கண்ணும் கூட வேண்டும். நீங்கள் சொல்கிற காரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

"அடுப்பு பற்ற வைத்தவர்தான் பார்க்கணும்" என்பார் இன்னொருவர். சாப்பிட்டவர்கள் எல்லோரும் பார்க்கணும் என்கிறேன் நான். அவ்வளவுதான்.

"அவங்களுக்கு எதுக்கு கிரிக்கெட்?" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2025 நவம்பர் 2, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையை எடுத்ததே, அந்த ராத்திரி நீங்களும்தானே உட்கார்ந்து பார்த்தீர்கள்? ஷஃபாலி வர்மா 87 அடித்ததற்கும், தீப்தி சர்மா அரைச் சதம் அடித்து ஐந்து விக்கெட்டும் எடுத்ததற்கும் ஸ்டேட்டஸ் வைத்தீர்களே. ஆடினால் கும்பிடுவீர்கள், வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கேலி பேசுவீர்களா? அந்த அக்காவுக்குப் பவர்பிளே எது, டெத் ஓவர் எது என்று நன்றாகவே தெரியும். அவருக்குக் கிடைக்காதது, ஒரு இன்னிங்ஸை எழுந்திருக்காமல் பார்க்கிற பாக்கியம். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

2011இல் டிரெண்ட் பிரிட்ஜ் டெஸ்டில் இங்கிலாந்து ஆட்டக்காரர் இயான் பெல், தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து ஃபோர் போய்விட்டது என்று நினைத்து, கிரீஸை விட்டு நடந்துவிட்டார். பந்து எல்லையைத் தொடவில்லை. நம்ம அபினவ் முகுந்த் பெயில்ஸைத் தட்டினார், ரன் அவுட். அப்போது பெல் 137. சட்டப்படி அவுட்தான். ஆனால் இடைவேளையில் தோனி அப்பீலைத் திரும்பப் பெற்று அவரை மறுபடி ஆட விட்டார். வேறு நாட்டு ஆட்டக்காரர் கவனப் பிசகாக நடந்ததற்கு அந்த மரியாதை. நம் தெரு அக்காவுக்கு நம் குரூப்பில் யாராவது அப்படி ஒரு வார்த்தை எழுதினீர்களா?

மனசு ஆறவில்லை, ஆனாலும் உருப்படியாகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

புட்டை இடைவேளைக்கு முன்னால் அவிக்காதீர்கள், இடைவேளையில் அவியுங்கள். இரண்டு கப் மாவுக்கு முக்கால் கப்பில் தொடங்கி ஒரு கப் வரை உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, மூடி வைத்துவிட்டால் மாவு காத்திருக்கும், கெடாது. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். 19ஆவது ஓவரில் குடத்தை ஏற்றினால் போதும். ஆவி மேலே வந்ததிலிருந்து ஒரு குழலுக்கு ஐந்தாறு நிமிடம். 20 நிமிடத்தில் மூன்று குழல் இறங்கும். கடலைக்கறியோ பயறோ முன்னாலேயே ஆகியிருக்க வேண்டும்.

இட்லிக் கொப்பரையில் பழைய ஆட்கள் ஒரு நாணயம் போடுவார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை லொடலொட என்று சத்தம், சத்தம் நின்றால் தண்ணீர் தீரப் போகிறது. குடத்திலும் போடலாம். ஆனால் டிவியை நாற்பதில் வைத்துக்கொண்டு நாணயம் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. குக்கரை விசில் எண்ணி இறக்குவதும் மேட்ச் நாளில் ஆகாது. மைதானத்து விசிலும் குக்கர் விசிலும் கலந்துவிடும், சென்னை ஆடுகிற நாள் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் விசில் வந்ததும் சிம் பண்ணி, போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அந்தப் போன் சோபாவில் இருக்கிறவர் சட்டைப் பையில் இருக்கட்டும், அடுப்படித் திண்டில் வேண்டாம்.

கரிந்த குடத்தைத் தூக்கிப் போட வேண்டாம். புளியைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு தேங்காய் நாரால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். குடத்தைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, அடுப்பில் நிற்காது, மாற்றிவிடுங்கள். குழல் உட்காருகிற இடத்தில் சுற்றிய துணி பொசுங்கியிருக்கும், புதுசு சுற்றவில்லை என்றால் ஆவி பக்கவாட்டில் போய்ப் புட்டு வேகாது.

கடைசியாக, அடுப்பு முறை. டாஸ் போடும்போதே வீட்டிலும் தீர்மானித்துவிடுங்கள்: இன்றைக்கு 16ஆவது ஓவரிலிருந்து அடுப்படி யாருக்கு? அடுத்த மேட்சுக்கு ஆள் மாறட்டும். அண்ணனும் போகட்டும், மாப்பிள்ளையும் போகட்டும், பிளஸ் டூ படிக்கிற பையனும் போகட்டும். போகிறவர் துணி பிடித்துக் குழலை எடுக்கும்போது முகத்தையும் மணிக்கட்டையும் ஆவிக்கு நேரே காட்டக்கூடாது. தண்ணீர் குறைந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றட்டும். குடம் முழுசாக வற்றிச் சிவந்திருந்தால் தண்ணீரே ஊற்றக்கூடாது, தெறிக்கும், அடியும் வளையும். அடுப்பை அணைத்து, அப்படியே ஆற விட்டுவிட்டு, கடையில் புரோட்டா வாங்கி வரட்டும்.