பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்குமாம்!

"பழைய வண்டி அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்."

என் காருக்கு ஸ்டீரியோ மாட்டின கடைக்காரன் மேஜை மேல, கருகிப்போன ஒரு முழம் வயரை நேத்து சாயங்காலம் கொண்டுபோய்ப் போட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கல. போன்ல இருந்து கண்ணை எடுக்காம இதைச் சொல்லிட்டு, அடுத்து நின்னவர்கிட்ட "என்ன மாடல் சார்?"னு கேட்கப் போயிட்டான். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. அதான் எழுதுறேன்.

பழைய கார் வச்சிருக்கிற எல்லாரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. வண்டிக்கு வயசாயிட்டா, அதுல கை வைக்கிறவன் செய்யுற தப்புக்கெல்லாம் வண்டியே பொறுப்பு. ஏன்யா, 2003 மாடல் மாருதி 800 அது. எங்க அப்பா வாங்குனது. பழசுதான், நான் இல்லேன்னு சொல்லலையே. ஆனா இருபது வருஷத்துல அந்த வண்டி ஒருநாள் வழியில நின்னதில்ல. நீ ஏப்ரல்ல புது ஸ்டீரியோ செட்டும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக் கொடுத்த அதே வாரத்துல இருந்து எப்படி நிக்க ஆரம்பிச்சது? ஒரே வாரத்துல வயசாயிடுச்சா அதுக்கு?

அப்பா காலத்துல தென்காசியில ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். பழைய செட்டை அவர்தான் மாட்டினார். ஒவ்வொரு வயர் மேலயும் துணிப் பிளாஸ்திரி சுத்தி, பேனாவால "பேட்டரி", "சாவி", "எர்த்"னு எழுதி வச்சிருந்தார். அடுத்து வர்றவன் தடுமாறக் கூடாதுன்னு ஒரு மனுஷன் யோசிச்சிருக்கார். அந்தப் பிளாஸ்திரியோட சேர்த்து வெட்டி எறிஞ்சிருக்கான் இவன். ஸ்டீரியோவைக் கழட்டிப் பார்த்தப்ப, துண்டு வயர்ல பாதி எழுத்தோட தொங்கிட்டு இருந்தது. எனக்கு வயிறு எரிஞ்சது.

செட்டோட ஒரு கப்ளர் வரும், வயரெல்லாம் ஒண்ணா வந்து சேர்ற சொருகு பிளக், தெரியும்தானே. மஞ்சள் வயர் எப்பவும் பேட்டரி லைன்ல இருக்கணும், நேரமும் ஸ்டேஷனும் மறக்காம இருக்க. சிவப்பு சாவி வழியா வரணும், சாவி திருப்பினாத்தான் செட்டு முழிக்கணும். கறுப்பு எர்த், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற வழி. நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயரை எழுப்புறதுக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் நாலு ஸ்பீக்கருக்கு. அதே நிறத்துல கறுப்புக் கோடு இருந்தா மைனஸ். செட்டு மூடி மேலயே ஒட்டியிருக்கு. படிக்கத் தெரிஞ்ச பிள்ளை சேர்த்துடும். இவன் கப்ளரையே ரெண்டு விரக்கடை விட்டு வெட்டிட்டு, மஞ்சள், சிவப்பு, நீலம் மூணையும் ஒண்ணா முறுக்கி, சாவிக்கு முன்னாடி இருக்கிற நேர் பேட்டரி லைன்ல சொருகி, டேப் சுத்தி, உள்ளே தள்ளிட்டான். பாட்டு கேட்டதும் காசு வாங்கிட்டான். சாவியை எடுத்துட்டு நான் வீட்டுக்குள்ள போன பிறகும் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் ராவும் பகலும் முழிச்சிட்டு இருக்கு, எனக்குத் தெரியாது.

மூணாம் நாள் காலையில செல்ஃப் அடிக்கல. டிக் டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒருத்தர் பேட்டரி வீக்குன்னார். கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்க்குப் புதுசு போட்டேன். அடுத்த மூணாம் நாள் அதுவும் படுத்துடுச்சு. இன்னொருத்தர் வந்து, எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "எஞ்சின் நிக்குதா பாப்போம், நின்னா டைனமோ போச்சு"ன்னார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோவைத்தான் சொல்றார். வேண்டாம் வேண்டாம்னு நான் கத்தக் கத்தப் பிடுங்கினார். எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிற வண்டியில அப்படிச் செய்யக் கூடாது. வோல்ட் திடீர்னு எகிறி அந்தப் பெட்டியையே எரிச்சுடும். இருநூறு முந்நூறு ரூபாய் மீட்டரைப் பேட்டரி மேல வச்சா மூணு விநாடியில தெரியுமே! எஞ்சின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.4 வோல்ட் காட்டினா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க வண்டி 14.1 காட்டுச்சு, பிற்பாடு நானே பார்த்தேன். ஆனா அதுக்குள்ள டைனமோவைக் கழட்டி கார்பன் மாத்தி, அதுக்கும் கூலி வாங்கிட்டுப் போயிட்டார்.

இதெல்லாம் காசோட போச்சு. அந்த ராத்திரியை மட்டும் நான் விட மாட்டேன்.

எங்க செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊரு. எங்க சொந்தத்துல பாதிப் பேர் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுலதான். ஆனி மாசம் புனலூர்ல பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பினோம். தென்மலை தாண்டும்போதே மழை பிடிச்சுக்கிட்டது. சாரல் இல்ல, மழை. கழுதுருட்டியில அந்தப் பதிமூணு கண் ரயில் பாலம் கிட்ட வரும்போது வைப்பர் சொணங்க ஆரம்பிச்சது. கண்ணாடியில பாதி தூரம் போய், யோசிச்சு, திரும்பி வருது. ஹாரன் அடிச்சா ஹெட்லைட் மங்குது. பிரேக் மிதிச்சா டேஷ்போர்டுல இண்டிகேட்டர் விளக்கு மினுக்குது. நான் இண்டிகேட்டரே போடல! செட்டை அமத்தி வச்சும் ஸ்பீக்கர்ல ஈஈஈன்னு ஒரு இரைச்சல், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுது. எர்த் போச்சுன்னா இத்தனையும் சேர்ந்து வரும். திரும்பிப் போற வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து விளக்கு வழியா, ஸ்பீக்கர் வழியா சந்து தேடி ஓடும். இது எனக்கு இப்போ தெரியும். அன்னைக்குத் தெரியல. இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிடலாம்னு ஓட்டிட்டேன்.

ஆரியங்காவு தாண்டி, கோட்டவாசல் தாண்டி, இறக்கம். எஸ் வளைவு. அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பின்னாடி லோடு லாரி, எதிர்ல லோடு லாரி, நடுவுல மஞ்சு மூட்டம். முதல்ல நாத்தம் வந்தது, பிளாஸ்டிக் கருகுற நாத்தம். வெளியே எங்கயோ குப்பை எரிக்கிறாங்கன்னு நினைச்சேன். கொட்டுற மழையில யார் குப்பை எரிப்பாங்க?

"ஏலே, காலு சுடுது"ன்னாங்க அம்மா.

குனிஞ்சு பார்க்கிறேன். அம்மா கால்கிட்ட, கால்மிதிக்கு அடியில இருந்து வெள்ளையாப் புகை. அதே நொடியில எஞ்சின் இழுத்து நின்னுடுச்சு. ஹெட்லைட் சுத்தமா செத்துப்போச்சு. வளைவுல, இறக்கத்துல, கும்மிருட்டுல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அம்மாவோட பெல்ட்டைக் கழட்டணும், இருட்டுல பட்டன் கையில சிக்கல. கதவைத் திறந்து அம்மாவை மலைப் பக்கம் இறக்கினேன். எழுபது வயசு, பட்டுப்புடவை, கையில தாம்பூலப் பை, மழையில நிக்கிறாங்க. பானட்டைத் திறந்தா பேட்டரி பக்கத்துல பளிச் பளிச்னு பொறி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் டிக்கியில, ஜாக்கிக்கு அடியில, சாக்குக்கு அடியில. ஓடினேன். எடுத்தேன். ஓடி வந்தேன். போனை வாயில கவ்விக்கிட்டு அந்த வெளிச்சத்துல நட்டைப் பிடிச்சா ஸ்பேனர் வழுக்குது.

பின்னாடி வந்த ஜல்லி லாரியில இருந்து டிரைவர் குதிச்சு ஓடி வந்தார். மலையாளி. என் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துட்டு, "சேட்டா, பேட்டரி ஊரிக்கோ, வேகம்!"னு கத்தினார். நான் தடுமாறுறதைப் பார்த்துட்டு ஸ்பேனரை வாங்கி அவரே மைனஸ் டெர்மினலைக் கழட்டினார். பொறி நின்னுச்சு. ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும் எல்லாம் சேர்த்து. எனக்கு அது இன்னும் முடியல. கண்ணை மூடினா அம்மா கால்கிட்ட அந்தப் புகைதான்.

காரணம் என்ன தெரியுமா? ஆம்ப்ளிஃபயருக்குப் போற பென்சில் தடிமன் வயரை பேட்டரி பிளஸ்ல நேரா மாட்டியிருக்கான். நடுவுல ஃபியூஸ் கிடையாது. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல ஓட்டை போட்டு அதை நுழைச்சிருக்கான். ஓட்டையில ரப்பர் புஷ் கிடையாது. தகடு கத்தி மாதிரி. வண்டி ஓட ஓட வயர் தோலை அறுத்து, அறுத்து, அன்னைக்கு ராத்திரி செம்பு போய் பாடியைத் தொட்டுடுச்சு. பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஒரு ஃபியூஸ் இருந்திருந்தா, ஒரு டப் சத்தத்தோட முடிஞ்சிருக்கும். ஒரு ஃபியூஸும் ஒரு ரப்பர் வளையமும்! எங்க அம்மா காலுக்கு அவன் போட்ட விலை அவ்வளவுதான்.

அந்த வயரைத் தனியாப் பிரிச்சு விட்டுட்டு பேட்டரியை மாட்டி, இறக்கத்துல உருட்டி, ரெண்டாவது கியர்ல கிளட்ச் விட்டு ஸ்டார்ட் பண்ணினோம். என் லைட்டு அகல் விளக்கு மாதிரி எரிஞ்சது. அந்த லாரிக்காரர் மலை அடிவாரத்துப் புளியரை வரைக்கும் என் பின்னாலயே, என் வேகத்துக்கே வந்து, அவர் வெளிச்சத்துல என்னை இறக்கி விட்டார். பேர்கூடக் கேட்காம விட்டுட்டேன். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை மீட்டரை எடுத்துக்கிட்டு நானே உட்கார்ந்தேன். அந்த ஆம்ப்ளிஃபயர் வயருக்கு ஃபியூஸ் போட்டு, இப்போதைக்குத் திரும்ப மாட்டிட்டு, மைனஸைக் கழட்டி மீட்டரை நடுவுல போட்டேன். சாவி கையில, கதவெல்லாம் மூடியிருக்கு. 0.05 ஆம்பியருக்கு மேல போகக் கூடாத இடத்துல 0.62 ஓடுது. நாளைக்குக் கிட்டத்தட்ட 15 ஆம்பியர்-மணி. பேட்டரி மொத்தமே 35. மூணாம் நாள் காலையில செல்ஃப் எப்படி அடிக்கும்? செட்டுக்குப் போற அந்த முறுக்கைப் பிரிச்சேன், மீட்டர் கணக்கு சடார்னு விழுந்தது. அடுத்து எர்த். ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, பேட்டரி மைனஸுக்கும் டேஷ்போர்டு எர்த் ஸ்குரூவுக்கும் நடுவுல அளந்தா 1.3 வோல்ட். 0.2 தாண்டக் கூடாது. கம்பெனி போட்ட எர்த்தைக் கழட்டி, தன்னோட வயரையும் சேர்த்து, பெயிண்ட் மேலயே திருகி வச்சிருக்கான். பெயிண்ட் மேல எர்த் எப்படிப் பிடிக்கும்? உப்புத்தாள் போட்டுத் தகட்டைச் சுரண்டி, பல்லு வாஷர் வச்சு முறுக்கினேன். 0.05-க்கு வந்துடுச்சு. வைப்பர் பழையபடி பறக்குது. ஸ்பீக்கர் இரைச்சல் போச்சு. அப்போ எதுய்யா பழசு? வண்டியா?

இதைத்தான் நேத்து வயரைக் காட்டிச் சொன்னேன். ஒரு வார்த்தை, "தப்பாயிடுச்சு அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காசைக்கூட கேட்டிருக்க மாட்டேன். அவனுக்கு நான் போறதுக்குள்ள அடுத்த வண்டி. வெளியே ஒரு சின்னப் பையன், பதினெட்டு வயசு இருக்கும், அந்த அடுத்த வண்டியோட கப்ளரைக் கட்டிங் பிளேயரால வெட்டிட்டு இருந்தான். அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. "தம்பி, வெட்டாதே, கப்ளர் கடையில தனியா கிடைக்கும்"னு சொன்னேன். முதலாளியைப் பார்த்தான். வெட்டினான்.

மழையில நனைஞ்ச அம்மாவுக்கு அன்னையில இருந்து காய்ச்சல், இப்போதான் விட்டிருக்கு. நேத்து வர்ற வழியில மாத்திரை வாங்கப் போனா, மருந்துக்கடையில மீதி மூணு ரூபாய்க்கு மூணு மிட்டாயை எடுத்து வைக்கிறான். கையில சர்க்கரை மாத்திரைச் சீட்டும் சேர்த்து நீட்டியிருக்கேன், மிட்டாய் கொடுக்கிறான்! மூணு ரூபாயைக் கொடுய்யா.