இறக்கத்தைப் பற்றியும் எழுதுங்கள்
நார்வேயின் ட்ரோம்சோ மலைகளில் நாயுடன் பனிச்சறுக்குப் போவது பற்றிய கட்டுரை அருமை. மேலே ஏறும்போது நாய்க்கு வரும் உற்சாகத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கே நாயுடன் வாழ்பவன். விடுபட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இறக்கம்.

சறுக்குப்பலகையின் எஃகு விளிம்பு கத்தி போன்றது. ஒட்டி ஓடிவரும் நாயின் காலில் அது பட்டால் தசைநாண் அறுந்துவிடும். மலையிலிருந்து கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர மணிக்கணக்காகும். நில் என்றால் நிற்கவும், நாம் இறங்கி முடித்துக் கூப்பிட்டபின் வரவும் பழகாத நாயைச் செங்குத்துச் சரிவுக்கு அழைத்துப் போகவே கூடாது.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ சமிக்ஞை அனுப்பும் கருவியைச் சிலர் நாய்க்கும் கட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேடுபவருக்குக் கேட்கும் சமிக்ஞை நாயுடையதா மனிதருடையதா என்று தெரியாது. நாயைத் தோண்டும் நிமிடங்களில் பக்கத்தில் ஒரு மனித உயிர் போய்விடலாம். என் நாயை உயிராக நேசிக்கும் நான்தான் இதைச் சொல்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. நார்வே முழுவதும் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயை வாரில் பிடித்திருக்க வேண்டும். வெளிச்சம் நீண்டு, சறுக்க மிக நல்ல பருவம் தொடங்குவதும் அப்போதுதான். ஆனால் துருவ மான்கள் குட்டி ஈனுவதும் அந்த வசந்தத்தில்தானே? அப்போது இடுப்பு வாரில் நாயைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குகளிலேயே போகலாம்.