விவால்டியின் மாணவிகளைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டிக்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் 'நான்கு பருவங்கள்' என்ற நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) மட்டும்தான். 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நான்கும் அழகுதான், சரி. ஆனால் அவர் எழுதிய கான்செர்ட்டோக்கள் ஏறக்குறைய 500. அவற்றில் பலவற்றை யாருக்காக எழுதினார் என்பதை விட்டுவிட்டது எனக்கு வருத்தம்.

1703இல் வெனிஸின் பியெத்தா ஆதரவற்றோர் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். கைக்குழந்தைகளாகக் கைவிடப்பட்டு அங்கேயே வளர்ந்த பெண்கள்தான் இசைக்குழு. தேவாலய மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், முகம் தெரியாமல் வாசிப்பார்கள். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். அன்னா மரியா என்ற வயலின் கலைஞருக்காகவே பல கான்செர்ட்டோக்கள் எழுதினார். குடும்பப் பெயர்கூட இல்லாத பெண் அவர்!

அப்புறம், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வரும் இடத்தில் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். நான்கு வயலின்களுக்காக விவால்டி எழுதிய கான்செர்ட்டோ ஒன்றை பாக் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) மாற்றி எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வயலினில் இழைந்து போகும் இடம் ஹார்ப்சிகார்டில் தூறல் மாதிரி உதிரும்.

1741இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார் விவால்டி. அவருடைய கைப்பிரதிகளின் பெரும் தொகுப்பு 1920களில்தான் வெளியே வந்தது. இப்போது இத்தாலியின் தூரின் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.