காசு போடுவதற்கு முன் ஒருவரை அந்தப் படலைக்கு அனுப்புங்கள்

சித்திரை விடுமுறைக்கு நுவரெலியாவில் வீடு தேடுகிற பதிவுகள் முகநூல் குழுக்களில் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. "15 பேர் தங்க ஒரு பங்களா, இரண்டு இரவு, சமைக்க வசதி வேணும்" என்று கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கேட்கிறார்கள். சில நிமிடங்களுக்குள் யாரோ ஒருவர் "இன்பொக்ஸ் பாருங்க" என்று எழுதிவிடுகிறார். அந்த இன்பொக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். குடும்பத்தோடு வெளிக்கிட நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

நான் பரந்தனில் ஹயஸ் வான் வைத்து ஹயர் ஓடுகிறவன். மலைநாடு, கதிர்காமம், மடு, கட்டுநாயக்கா என்று எங்கள் சனத்தை ஏற்றி இறக்குவது என் தொழில். ஏப்ரலில் நுவரெலியா எப்படி இருக்கும் என்பது அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியைச் சுற்றி நெரிசல். மற்ற மாதங்களில் ஒரு விலை சொல்கிற அறைக்கு அப்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், அப்படிக் கேட்டும் அறை கிடைக்காது. எங்காவது ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று சனம் தவிக்கிற அந்தக் கிழமைகளில்தான் பொய் விளம்பரக்காரன் கடை விரிக்கிறான்.

ஒரு சித்திரையில் நான் ஏற்றிப்போன குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். வட்டக்கச்சிப் பக்கத்து ஆட்கள். அம்மம்மாவிலிருந்து கைக்குழந்தை வரை வான் நிறைய ஏறியிருந்தார்கள். சீட்டுக் காசு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வெளிக்கிட்ட பயணம். பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் மலைநாட்டுப் பயணம். வட்ஸ்அப்பில் வந்த லொகேஷனைப் பிடித்துக்கொண்டு இரவில் போய் நின்றால், அது ஒரு வயதான தம்பதியர் குடியிருக்கிற சொந்த வீடு. அந்த ஐயா வெளியே வந்து, நாங்கள் வீடு வாடகைக்கு விடுவதில்லை மகன், இந்தக் கிழமை உங்களைப் போல வேறு ஆட்களும் வந்து நின்றுவிட்டுப் போனார்கள் என்று சொன்னார். புக்கிங் செய்த இலக்கத்துக்கு எடுத்தால் போன் நிறுத்தப்பட்டிருந்தது. குளிரில் பிள்ளைகள் நடுங்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் நானுஓயாப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு தமிழர்தான் தனக்குத் தெரிந்த இடத்தில் இரண்டு அறை எடுத்துத் தந்தார்.

எனக்கு அன்றைக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. அந்தப் புக்கிங்கைச் செய்தது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை. வீட்டில் போன் விளங்குகிறவள் அவள்தான் என்று எல்லோரும் சேர்ந்து அவளிடம்தான் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வருகிற வழி முழுக்க அவளைத்தான் பேசினார்கள். திருடியவனை ஒருவரும் பேசவில்லை. அவன் முகமே தெரியாதே, யாரைப் பேசுவது? ஊருக்கு வந்த பிறகும், பொலிசுக்குப் போனால் மானம் போகும் என்று அந்தக் கதையை அப்படியே அமத்திவிட்டார்கள். இது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. ஏமாற்றப்பட்டவர் வாயை மூடிக்கொள்வதால்தான் அடுத்த வீடும் அதே ஆளிடம் போய் விழுகிறது.

அந்த விளம்பரத்தை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். படங்கள் எல்லாம் பண்டாரவளைப் பக்கத்துப் பங்களா ஒன்றினுடையவை. வெளிநாட்டுப் புக்கிங் தளம் ஒன்றில் அதே படங்கள் வேறு பெயரில் கிடந்தன. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டவுடன் வந்துவிட்டது. விலையும் நம்பக்கூடிய விலைதான். இப்போது இவர்கள் அடிமாட்டு விலை சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்வதைவிடச் சற்றுக் குறைத்து, சந்தேகம் வராத அளவில் வைக்கிறார்கள். அப்புறம் அவசரம். "இன்னொரு பார்ட்டி இதே திகதிக்குக் கேட்டுக்கொண்டிருக்கு, பின்னேரத்துக்குள்ள பாதிக் காசைப் போட்டால் உங்களுக்கே வைக்கிறன்." உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், திறப்பு வீட்டைப் பார்த்துக்கொள்கிற வோச்சரிடம் (காவலாளியிடம்) இருக்கிறது என்பார்கள். காசு போடச் சொல்கிற கணக்கோ மூன்றாவது ஒருவருடைய பெயரில் இருக்கும். கேட்டால் மனைவியின் கணக்கு, மச்சானின் கணக்கு என்பார்கள்.

எங்கள் சனம் இதில் மாட்டுவதற்கு நான் காண்கிற ஒரு காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். வன்னியில் பலருக்குச் சிங்களம் ஓடாது. தெரியாத ஊரில் ஒரு பங்களாக்காரருக்குப் போன் எடுத்து, அரைகுறைச் சிங்களத்தில் நாலு கேள்வி கேட்கத் தயக்கம். அந்த நேரத்தில் ஒருவன் "சொல்லுங்கோ அக்கா, எத்தினை பேர் வாறியள்" என்று எங்கள் பேச்சிலேயே கதைத்தால் மனம் உடனே இளகிவிடுகிறது. நம்மட ஆள் என்று நினைக்கிறோம். அதற்குப் பிறகு அவனிடம் ஆதாரம் கேட்பது மரியாதையில்லாத வேலை போலத் தோன்றுகிறது. கேளுங்கள். உண்மையில் வீடு வைத்திருக்கிறவர் நாலு கேள்விக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அந்த இடம் வேண்டாம்.

அதைவிட, நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட சனம் தமிழர்கள். ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா நகரம் எங்கே போன் எடுத்தாலும் தமிழில் கதைக்க ஒரு கடைக்காரர், ஒரு ஓட்டோக்காரர் இருப்பார். கூகுள் மெப்பில் அந்தப் பங்களா இருக்கிறதாகச் சொல்லும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையோ பாமசியோ இலக்கத்தோடு இருக்கும். எடுத்து, "அண்ணை, உங்கட பக்கத்தில இந்தப் பெயரில வாடகைக்கு விடுற வீடு இருக்கோ" என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்படிக் கேட்டு யாரும் ஏசியதில்லை.

ஆனால் போனில் கேட்பதைவிட நேரில் பார்ப்பதுதான் நிச்சயம். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததும் அதுதான். அட்வான்ஸ் போகிறதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதர் அந்தப் படலைக்கு முன் போய் நிற்கவேண்டும். அதற்கு ஆள் இல்லை என்று வன்னியில் யாரும் சொல்ல முடியாது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களின் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இன்றைக்கும் தோட்டங்களில் இருக்கிறார்கள். பேராதனைக் கம்பஸில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். கரட், லீக்ஸ் ஏற்றி வருகிற லொறிக்காரர்களை எங்கள் சந்தை வியாபாரிகளுக்குத் தெரியும். ஒரு வீடு தள்ளிக் கேட்டால் ஒரு ஆள் கிடைப்பார். அவர் போய்ப் பார்த்து, வாசலில் நின்று வீடியோ கோல் எடுத்துக் காட்டட்டும். ஓட்டோக் காசை நீங்கள் கொடுங்கள். பெருந்தொகை பறிபோகிறதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

ஒருவரையும் அனுப்ப முடியாத இடமென்றால், உரிமையாளரையே நேரலையில் காட்டச் சொல்லுங்கள். றோட்டிலிருந்து படலை, படலையிலிருந்து குசினி, குசினியிலிருந்து பின்பக்கம் என்று நடந்து காட்டவேண்டும். முன்பே எடுத்து வைத்த வீடியோ கணக்கில் வராது. முகநூல் பக்கம் என்றால் அதன் பேஜ் ட்ரான்ஸ்பரன்சி பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது எல்லாம் அங்கே தெரியும். பத்து வருடமாக நடத்துகிறோம் என்று சொல்கிற பங்களாவின் பக்கம் போன மாதம் தொடங்கியதாக இருந்தால் அதற்கு மேல் கதைக்க ஒன்றுமில்லை. உண்மையான பங்களாவின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிப் போலிப் பக்கம் வைத்திருப்பதும் நடக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று 1912 இலக்கத்தில் விசாரிக்கலாம். பதியாமல் நேர்மையாக அறை விடுகிற சின்ன வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"முன்பணமே கொடுக்காதீர்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். ஏப்ரலில் அது நடக்காத காரியம். உண்மையான வீட்டுக்காரரும் அட்வான்ஸ் வாங்காமல் நாள் ஒதுக்கித் தரமாட்டார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் சிறு தொகையை மட்டும் கொடுங்கள், மிகுதியைத் திறப்பு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். வங்கி அப்பில் அனுப்புகிற காசு அடுத்த நொடி மற்றவர் கணக்கில் இருக்கும். அவர் சம்மதிக்காமல் அதைத் திருப்பி எடுப்பது பெரும் பாடு. வீடு வாடகைக்கு எடுக்கிற ஏயார்பிஎன்பி தளத்தினூடாகப் புக்கிங் செய்தால், நீங்கள் போய்ச் சேர்ந்து கிட்டத்தட்ட 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வீட்டுக்காரருக்குக் காசு விடுவிக்கப்படும். அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் மோசடிக்காரன் "தளத்துக்கு வெளியே வாங்கோ, விலை குறைச்சுத் தாறன்" என்கிறான். போகாதீர்கள். புக்கிங்கை உறுதிப்படுத்த, உங்கள் போனுக்கு வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கமான ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அது உங்கள் கணக்கின் திறப்பு.

அடையாள அட்டை பற்றியும் சொல்லவேண்டும். நம்பிக்கைக்கு என்று அவர்கள் தங்கள் அடையாள அட்டைப் படத்தை அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் பலர் காசு போடுகிறார்கள். அது பெரும்பாலும் இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடைய அட்டை. "புக்கிங்குக்கு உங்கட ஐசி அனுப்புங்கோ" என்று உங்களிடமும் கேட்பார்கள், நீங்கள் அனுப்பினால் அடுத்த குடும்பத்தை ஏமாற்ற உங்கள் பெயர் போகும். இலக்கத்தை வைத்து ஓரளவு பார்க்கலாம். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆணின் படம் இருக்கிற அட்டையில் அந்த மூன்று இலக்கம் 500ஐத் தாண்டினால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்குச் சரியாக இருந்தாலும் அட்டை அவனுடையது என்று அர்த்தமில்லை.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. உன் வங்கிக் கணக்கை ஒரு மாதத்துக்குத் தா, வருகிற காசில் கொமிசன் தாறன் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இந்த வாடகைக் காசுகள் எல்லாம் அப்படி இரவல் வாங்கிய கணக்குகளில்தான் போய் விழுகின்றன. பொலிஸ் தேடி வரும்போது அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்குத்தான் முதலில் வரும். வேலை இல்லாத பெடியன்களைக் குறிவைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள், அதனால் பெற்றோரும் கவனியுங்கள்.

வீடு விடுகிறவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. ஆடி, ஆவணியில் கனடா, லண்டன், சுவிஸ் பிள்ளைகள் மடுத் திருவிழாவுக்கும் நல்லூருக்கும் வரும்போது கிளிநொச்சியில் பலர் மேல்மாடியையோ அனெக்ஸையோ வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அப்போது ஒருவர் வெளிநாட்டிலிருந்து கதைப்பதாகச் சொல்லி வங்கிச் சிலிப்பின் படம் அனுப்புவார். "பிழையாய்க் கூடப் போட்டுட்டன், மிச்சத்தை இந்த இலக்கத்துக்குத் திருப்பி விடுங்கோ" என்பார். சிலிப்பில் தொகையை மாற்றுவது போனிலேயே செய்யக்கூடிய வேலை. உங்கள் கணக்கில் காசு வந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்காமல் ஒரு சதமும் திருப்பி அனுப்பாதீர்கள்.

நடந்துவிட்டால் முதல் மணித்தியாலம் முக்கியம். வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து, காசு போன கணக்கை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். கோபத்தில் அவனை ஏசி புளொக் பண்ணாதீர்கள். அவன் தன் செய்திகளை அழிப்பதற்குள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விளம்பரம், இலக்கம், கணக்கு விபரம், சிலிப் எதுவும் விடுபடக்கூடாது. பிறகு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள், உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்பது உங்கள் உரிமை. இணையக் குற்றங்களுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். போன காசை மீட்டுத் தாறன், அதற்கு ஒரு கட்டணம் கட்டுங்கோ என்று சில நாட்களில் ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான். வீட்டில் புக்கிங் செய்த பிள்ளையைத் தயவுசெய்து ஏசாதீர்கள், அவளோடு சேர்ந்து பொலிசுக்குப் போங்கள்.

இந்தச் சித்திரைக்குப் போக நினைக்கிறவர்கள், காசு போடுகிறதற்கு முன் அந்த விளம்பரத்தையும் ஊர்ப் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் சாரதிகளுக்கு எங்களுக்குள் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. யாராவது ஒருவர் அந்தப் பக்கம் ஹயரில் நிற்பார். போய்ப் பார்த்து, வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.