ட்ரொகாதேரோவில் மண்டியிடப் போகிறவர்களுக்கு

இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்த பிறகு, பாரிஸில் ஈபிள் கோபுரத்துக்கு எதிரே உள்ள ட்ரொகாதேரோ சதுக்கத்தில் மண்டியிட்டு "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று ஒரு பையன் கேட்பதும், அதைத் தள்ளி நின்று ஒருவர் படம்பிடிப்பதும் வெறும் நாடகம் என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். அந்த ஊரிலேயே வசித்துக்கொண்டு, வார இறுதிகளில் இப்படிப்பட்ட படங்களை எடுத்துக் கொடுப்பவன் என்ற முறையில், அது நாடகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கல்யாணச் சடங்குகளில் நாடகம் இல்லாதது எது? குடையும் விசிறியும் கைத்தடியுமாகக் காசியாத்திரை புறப்படும் மாப்பிள்ளை மண்டப வாசலைத் தாண்டிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெண் பார்ப்பது தொடங்கித் தாலி கட்டுவது வரை, நம் வழக்கத்தில் கேள்விகள் எல்லாம் பெரியவர்களிடமிருந்து பெரியவர்களுக்கே போகின்றன. அப்பாவைக் கேட்கிறார்கள், தாய்மாமனைக் கேட்கிறார்கள், பெண்ணை அடுக்களைக்குள் கூப்பிட்டு "உனக்குச் சம்மதம்தானே?" என்று அம்மா கேட்கும்போது, பதிலையும் அம்மாவே சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். கட்டிக்கொள்ளப் போகிறவன் தன் வாயால், அவள் முகத்தைப் பார்த்து, அவளையே கேட்பதற்கு நம் சடங்கு வரிசையில் இடமே இல்லை. காதல் திருமணங்களில்கூட, வீட்டைச் சம்மதிக்க வைக்கும் போராட்டத்தில் இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. மேலைநாட்டுப் பழக்கம் என்று நாம் முகம் சுளிக்கும் இந்தச் சில நிமிடங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன என்பதால்தான், இதை ஒரு கேலிப்பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

பிர்-ஹக்கேம் பாலத்தில் ஒரு காலை நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1905இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அடுக்குப் பாலம் அது. கீழே வாகனங்களும் மக்களும், மேலே ஆறாம் எண் மெட்ரோ. பாலத்தின் நடுவில், சேன் நதியைப் பார்த்தபடி ஒரு மாடம் உண்டு. அங்கிருந்து கோபுரம் முழுதாகத் தெரியும். நான் சற்றுத் தள்ளி, ரயிலைப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிபோல நின்றிருந்தேன். படமெடுக்க என்னை அழைத்திருந்த தம்பி தன் பெண்ணின் முன் மண்டியிட்டு வாயைத் திறக்கவும் தலைக்கு மேலே மெட்ரோ தடதடத்துப் போகவும் சரியாக இருந்தது. அவள் "என்ன? கேக்கல" என்றாள். அவன் மறுபடியும் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, "எங்க அப்பாவைக் கேட்டாச்சு, சித்தப்பாவைக் கேட்டாச்சு, என்னை இப்பதான் கேக்குறீங்க" என்றாள். பிறகு சிரிப்பு நின்று, பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அவன் முட்டி வலிக்கும் அளவுக்கு எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: திட்டமிடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் திட்டம் முழுவதும் அவள் பதில் சொல்வதற்கான இடத்தையும் நேரத்தையும் காப்பதாக இருக்கட்டும். என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் "அண்ணா, ட்ரொகாதேரோவில் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமா?" என்றுதான் தொடங்குகிறார்கள். 1937ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ஷயோ மாளிகையின் அந்த மேல்தளம், கோபுரத்தை நேருக்கு நேர் காட்டுவது உண்மைதான். ஆனால் மாலையில் அங்கே கூட்டம் நெரியும். ஒருவன் மண்டியிட்டால், முன்பின் தெரியாதவர்கள் கைப்பேசியோடு சூழ்ந்துகொண்டு, பதில் வருவதற்கு முன்பே கைதட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தனை பேர் நடுவில் அவளால் யோசிக்க முடியாது; தலையாட்ட மட்டுமே முடியும். அடுக்களையில் அம்மா கொடுத்த அதே பதிலைத்தான் அங்கே கூட்டம் கொடுக்கிறது.

விடியற்காலைதான் சரி. வெளிச்சக் கணக்கும் அதற்கே ஒத்துவருகிறது. ட்ரொகாதேரோவிலிருந்து பார்க்கும்போது கோபுரம் தென்கிழக்கில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய அதன் பின்னாலிருந்தே எழுவதால், முகங்கள் இருண்டு நிழலுருவங்களாக விழும்; ஜூனில் இடப்பக்கமாக, வடகிழக்கில் எழுவதால் கன்னத்தில் இளவெயில் படும். ஆனால் ஜூனில் சூரியன் காலை 6 மணிக்கு முன்பே உதித்துவிடும், அந்த நேரத்துக்கு எழுந்து அலங்கரித்து வரச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். டிசம்பரில் உதயம் எட்டரை மணி வாக்கில் என்பதால் தூக்கம் கெடாது. குளிர் மட்டும் தாங்க வேண்டும். அக்டோபர் இரண்டுக்கும் நடுவானது, என் ஓட்டு அதற்கே.

இரவில் வேண்டும் என்பவர்களும் உண்டு. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் 20,000 விளக்குகள் ஐந்து நிமிடம் மின்னுவது கண்கொள்ளாக் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜூனில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் முகம் தெரியாது, ஃபிளாஷ் அடித்தால் ஒளிந்து நிற்பதில் பொருளில்லை. போதாக்குறைக்கு, அந்த இரவு ஒளியமைப்புக்குக் காப்புரிமை உண்டு. உங்கள் ஆல்பத்துக்குத் தடையில்லை என்றாலும், என்னைப்போன்றவர்கள் அனுமதி பெறாமல் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. டிரோன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பாரிஸ் வானில் பறக்கவிடத் தடை.

பயணத்தையே ரகசியமாக வைக்க நினைப்பது வீண். இந்தியாவிலிருந்து முதன்முறை வருவதென்றால், பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை வைக்க அவளே நேரில் போயாக வேண்டும். எந்த நாள், எந்த இடம், எந்த நிமிடம் என்பது மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். நிற்கும் இடத்தைப் படத்தில் குறித்து வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். இருவரும் பக்கவாட்டில் தெரியும்படி நிற்க வேண்டும், மோதிரப் பெட்டி எந்தப் பக்கம் திறக்கிறது என்று அறையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மோதிரத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பகுதிகளில் ஜேப்படிக்காரர்கள் அதிகம். இன்னொன்று: சேன் கரையில் யாராவது குனிந்து தரையிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுத்து "இது உங்களுடையதா?" என்று கேட்டால் நிற்காமல் நடந்துவிடுங்கள். பித்தளை மோதிரத்தைத் தலையில் கட்டிப் பணம் பறிக்கும் பழைய தந்திரம் அது. மோதிரத்தோடு கேள்வி கேட்க வருபவர்கள் இந்த ஊரில் நீங்கள் மட்டும் அல்ல.

படங்களை முதலில் இருவருக்கும் சேர்த்தே அனுப்புகிறேன், பையனுக்கு மட்டும் அனுப்புவதில்லை. அவள் பார்ப்பதற்கு முன்பே அழுத முகம் இன்ஸ்டாகிராமில் ஏறி, ஊரிலிருக்கும் அத்தைகள் இதயக்குறி போட்டு முடித்திருப்பது அவளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது என்றால், அதை ஊருக்குக் காட்டலாமா என்பதும் அவளிடமே கேட்கப்பட வேண்டும்.

"ஒருவேளை அவள் மறுத்துவிட்டால்?" என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. அவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கல்யாணத்தைப் பற்றி அவளோடு பேசியிருக்கிறீர்களா? எங்கே குடியிருப்பது, வேலையை என்ன செய்வது, யார் வீட்டுப் பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் பேசி, இருவருக்கும் ஒத்துப்போயிருந்தால் தாராளமாக வாருங்கள். எதுவுமே பேசாமல், கோபுரத்தையும் மோதிரத்தையும் காட்டினால் அவளால் மறுக்க முடியாது என்ற நம்பிக்கையில் ஒருவர் கூப்பிட்டால், அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.