அரசர் தன் அரண்மனையைக் கொடுத்தாரா?

சரவிளக்குகள் தொங்கும் கூடத்தில் தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் கட்டில்களில் கிடக்கும் ஒரு பழைய படம் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. "முதல் உலகப்போரில் காயமடைந்த இந்திய வீரர்களுக்காக, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தான் வாழ்ந்த அரண்மனையையே காலி செய்து கொடுத்தார்" என்று அதற்கு ஒரு குறிப்பு வேறு.

படம் சரி, குறிப்புதான் தவறு.

அது இங்கிலாந்தின் பிரைட்டனில் உள்ள ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனை. 1850-லேயே விக்டோரியா மகாராணியிடமிருந்து அந்த ஊர் அதை விலைக்கு வாங்கிவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் பிறந்ததே 1865-ல்தான்! ஆனால் அரசரே மனமிரங்கித் தந்தார் என்ற பேச்சு, இந்தியாவில் விசுவாசத்தை வளர்க்க அன்றைய ஆட்சிக்கு வசதியாக இருந்தது. 1915-ல் ஆங்கிலம், உருது, குர்முகியில் (பஞ்சாபி எழுத்து) மருத்துவமனையைப் பற்றி ஒரு சிறுநூலே போட்டார்கள்.

1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை அங்கே இந்தியர்களுக்கு மருத்துவமனை நடந்தது உண்மை. 700-க்கும் மேற்பட்ட கட்டில்கள். சாதி, சமயம் பார்த்து ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அங்கேயும் இதை விடவில்லை பாருங்கள்.

பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியர் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் திறந்த வெண்பளிங்குச் சத்ரி (நினைவு மண்டபம்) இன்றும் நிற்கிறது. முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்ற இங்கிலாந்து ஊரில் அடக்கம் செய்தார்கள். இந்த மருத்துவமனையின் கதைக்கென்றே பெவிலியனுக்குள் 2010-ல் ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள்.