மண்டேலாவுக்கு எதிராக வந்த தீர்ப்பு

தேர்தல் நடந்துவிட்டாலே ஜனநாயகம் வந்துவிட்டது என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது, தென்னாப்பிரிக்காவில் 1995-ல் நடந்ததைப் பாருங்கள் என்பதுதான்.

1994 தேர்தலில் ஜெயித்து மண்டேலா அதிபராகிவிட்டார். ஆனால் நீதிபதிகள் அநேகமாக எல்லோரும் நிறவெறி அரசு நியமித்த வெள்ளையர்கள். அந்த நீதிமன்றத்தை எந்தக் கறுப்பின மனிதர் நம்புவார்? அதனால் 11 நீதிபதிகளோடு அரசியலமைப்பு நீதிமன்றம் என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள். தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன். மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட ரிவோனியா வழக்கில் அவர் தரப்புக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர். இந்தப் பதவியில் அவரை அமர்த்தியதும் மண்டேலாதான். இவர் எப்படி அதிபருக்கு எதிராகப் போவார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிப்ரவரியில் தொடங்கிய நீதிமன்றத்துக்கு செப்டம்பரிலேயே சோதனை வந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரம். அது தொடர்பான சட்டத்தை அதிபரே அறிவிக்கை போட்டுத் திருத்தலாம் என்று நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்திருந்தது. அதை வைத்து மண்டேலா, மாகாணங்களிடம் இருந்த சில அதிகாரங்களை மத்திய அரசுக்கு மாற்றினார். மேற்கு கேப் மாகாண அரசு வழக்குப் போட்டது. அங்கே ஆட்சியில் இருந்தது நிறவெறியைச் சட்டமாக்கிய அதே தேசியக் கட்சி!

ஜெயித்தது அவர்கள்தான். சட்டத்தைத் திருத்தும் வேலையை நாடாளுமன்றம் இப்படி அதிபர் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது, அறிவிக்கைகள் செல்லாது என்றது நீதிமன்றம். சரிசெய்ய ஒரு மாத அவகாசமும் கொடுத்தது. மண்டேலா முரண்டு பிடிக்கவில்லை. தீர்ப்பை ஏற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, நாடாளுமன்றத்தைக் கூட்டினார்.

வாக்குப்பதிவு நாளுக்குச் சற்றும் குறையாத நாள் இது என்பேன். நாடே கொண்டாடிய மனிதரிடம் 'இது உங்களால் முடியாது' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். பின்னால் வருகிற எந்த அதிபரும் தனக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது. அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பின் வரைவையே, முன்பு ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளோடு சில இடங்களில் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பி, திருத்திய பிறகே சான்றளித்தார்கள்.

ஆனால் 1996 ஜூலைத் தீர்ப்பு ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. நிறவெறியை எதிர்த்துப் போராடி போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பமும் வேறு சிலரும், நிறவெறிக் காலக் குற்றங்களைச் செய்தவர்கள் உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்பு என்ற ஏற்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் உண்மையும் வெளிவராது, சமாதானமும் வராது என்றது நீதிமன்றம். காரணம் புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை. அப்புறம் 1999-ல் பிகோ விஷயத்தில் பொதுமன்னிப்புக் கேட்ட போலீஸ்காரர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் மீது வழக்கு நடத்த நீதிமன்றம் தடையாக நிற்கவில்லை. நடத்தாமல் விட்டது அரசுத் தரப்பு.